தனியே கேட்டால் மந்தம், குழுவோடு சேர்ந்தால் கம்பீரம்: ப்ரிசிஷன் பேஸில் அப்படி என்ன இருக்கிறது?

நாலாம் கம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா, இவைதான் எங்கள் மேடைகள். என்னுடையது ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ். கம்பியின் அதிர்வை மின் ஒலியாக்கும் பிக்கப் இரண்டு, ஹம்பக்கர் வகை. பேஸ் (அடி ஒலி), மிட் (நடு ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி) என்று மூன்று நாப், உள்ளே 9 வோல்ட் பேட்டரி. வீட்டில் ஹெட்ஃபோனில் வாசித்தால் அவ்வளவு நிறைவாக இருக்கும். கீழே நல்ல கனம், மேலே விரல் படும் சத்தம்கூடப் பளிச்சென்று கேட்கும்.

போன மாதம் ஒரு ரிசப்ஷனுக்குக் கிளம்புகிற நேரத்தில் அதன் அவுட்புட் ஜாக் போய்விட்டது. எங்கள் மூத்த கிட்டாரிஸ்ட் வீட்டில் பழைய நாலு கம்பி பேஸ் ஒன்று கிடந்தது. ஃபெண்டரின் ப்ரிசிஷன் மாடலில் செய்தது. ஒரே பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன், வேறு எதுவும் இல்லை. மாட்டியிருந்தது ஃப்ளாட்வவுண்ட், அதாவது மேல்சுற்று தட்டையான கம்பி. எப்போது மாட்டினோம் என்று அவருக்கே நினைவில்லை. கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் ஓரத்தில், அவற்றுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வேறு. சவுண்ட் செக்கில் தனியாக வாசித்தபோது 'தும், தும்' என்றது. ட்ரெபிளே இல்லை. இதை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் எப்படி ஓட்டுவது என்று கவலையாக இருந்தது.

முதல் பாட்டிலேயே நிலைமை வேறாகிவிட்டது. டிரம்மர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பாடகி இடைவேளையில் வந்து, "இன்னைக்கு சுருதியைப் பிடிச்சுக்க நல்லா இருக்குண்ணா" என்றார். மிக்ஸரில் இருந்தவர் வழக்கத்தைவிட ஃபேடரைக் குறைத்தே வைத்திருந்தாராம், இருந்தும் ஒவ்வொரு நோட்டும் புரிந்தது என்கிறார். முக்கியமாக ராஜா சாரின் எண்பதுகளின் பாடல்கள். அவற்றில் பேஸ் தனியாக ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு ஓடுமே, அந்த ஓட்டம் முழுதும் ஹாலின் கடைசி வரிசை வரை போயிருக்கிறது.

எனக்கு இதன் காரணம் புரியவேண்டும். வீட்டில் அழகாக இருக்கிற பேஸ் மேடையில் ஏன் கரைந்து போகிறது? தனியே மந்தமாக இருப்பது கூட்டத்தில் எப்படி எழுந்து நிற்கிறது? உலகம் முழுக்க பேஸ் வாசிப்பவர்கள் இந்தப் பழைய சத்தத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார்களே, அது பெயருக்காகவா, இல்லை உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா?

ரிகர்சல் ரூம் எழுதியது:

விஷயம் இருக்கிறது. ஆனால் உடனே வாங்கக் கிளம்பாதீர்கள். உங்கள் ஆக்டிவ் பேஸில் மூன்று நாப்பும் எங்கே நிற்கின்றன என்று முதலில் சொல்லுங்கள். பேஸும் ட்ரெபிளும் ஏற்றி, மிட்டை இறக்கி வைத்திருந்தால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது.

நாலாம் கம்பி எழுதியது:

ஆமாம், அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஹெட்ஃபோனில் அதுதான் நன்றாக இருக்கிறது.

கீழ்ஸ்தாயி எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் வாழ்க்கையின் பெரும்பகுதியை ரிக்கார்டிங் அறைகளிலும் மேடைகளிலும் பேஸோடு கழித்தவன் நான். இந்தச் சத்தத்தின் மேல் எனக்கு இருக்கும் பிரியம் இன்னும் குறையவில்லை.

முதலில் காதிலிருந்து தொடங்குவோம். பேஸ் கிட்டாரின் கீழ் ஈ கம்பியைத் திறந்து மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 41 அதிர்வு. ஏ கம்பி 55. கல்யாண மண்டபத்தில் போடுகிற ஸ்பீக்கர்களில் பல, 41 ஹெர்ட்ஸை உருப்படியாகக் கொடுப்பதில்லை. காரில், டிவியில், போனில் கேட்கவே வேண்டாம். ஆனாலும் அந்த ஈ நோட்டு நமக்கு ஈ என்றே கேட்கிறது. எப்படி? அதே கம்பியிலிருந்து 82, 124, 165 ஹெர்ட்ஸ் என்று மேல் அதிர்வுகளும் கிளம்புகின்றன. காது அவற்றின் இடைவெளியை அளந்து, அடியில் இல்லாத 41ஐத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆக, மேடையில் பேஸின் நோட்டைச் சுமந்து செல்வது அடிமட்டக் கனமும் அல்ல, மேலே உள்ள பளபளப்பும் அல்ல. ஏறக்குறைய 80 முதல் சில நூறு ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதிதான். நீங்கள் மிட் நாப்பை இறக்கும்போது வெட்டி எறிவதில் பெரும்பகுதி இதுதான்.

பிறகு ஏன் வீட்டில் அது அழகாக இருக்கிறது? குறைந்த ஒலியில் நம் காது தாழ்ந்த ஒலிகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. மேல் பகுதியிலும் கொஞ்சம் மங்குகிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இல் வளைகோடுகளாக வரைந்து காட்டிய விஷயம் இது. அதனால் அமைதியான அறையில் இரண்டு ஓரங்களையும் ஏற்றி வைத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும். மேடை ஒலிக்கு வந்ததும் அந்த ஈடுகட்டல் தேவையில்லை. அப்போது நீங்கள் ஏற்றிய அடிக்கனம் போய் கிக் டிரம்மோடும் தபலாவின் இடதுபக்க டிரம்மோடும் மோதுகிறது. ஏற்றிய ட்ரெபிள் சிம்பலில் மறைந்துவிடுகிறது. நடுவில் இருக்கவேண்டிய நீங்கள் அங்கே இல்லை. அந்த இடத்தில் கீபோர்டுக்காரரின் இடது கை உட்கார்ந்திருக்கும்.

இப்போது ப்ரிசிஷனுக்கு வருவோம். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் இதை வெளியிட்டது 1951இல். அப்போது நடன இசைக்குழுக்களில் வாசித்தவர்கள் ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தார்கள். டிரம்ஸும் பிராஸும் முழங்கும்போது அது கேட்கவும் கேட்காது. தோளில் மாட்டிக்கொள்ளலாம், ஆம்ப்பில் சொருகலாம், கழுத்தின் குறுக்கே ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகள் இருப்பதால் சுருதி பிசகாது. இந்த மூன்றும்தான் அன்றைய தேவை. இன்று நாம் பிரியப்படுகிற வடிவம் 1957இல் வந்தது. பிக்கப்பை இரண்டாக உடைத்து, ஈ, ஏ கம்பிகளுக்கு ஒரு பாதி, டி, ஜி கம்பிகளுக்கு மறு பாதி என்று சற்றே தள்ளி வைத்தார்கள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. அதனால் மின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சீரியல் லைட் பக்கத்திலேயே எரிகிற நம் மேடைகளில் இதன் அருமை தெரியும்.

அந்தப் பிக்கப் நிற்கிற இடம் முக்கியம். பிரிட்ஜிலிருந்து பார்த்தால், கம்பியின் நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. இன்னும் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினால் அடிப்படை அதிர்வின் அசைவு அங்கே சிறிதாகிவிடும், மேல் அதிர்வுகள் தூக்கலாகிவிடும், சத்தம் மூக்கால் பேசும். கழுத்துப் பக்கம் நகர்த்தினால் கனம் கூடி விளிம்பு மழுங்கும். இவர்கள் வைத்த இடத்தில் அடிக்கனமும் கொஞ்சம் உறுமலும் சேர்ந்தே கிடைக்கின்றன. நான் மேலே சொன்ன நடுப்பகுதியில் இந்தப் பேஸ் தாராளமாக நிற்கிறது. மிக்ஸரில் யார் இருந்தாலும், எப்படிப்பட்ட ஸ்பீக்கராக இருந்தாலும், அதை முழுசாகக் கெடுப்பது கஷ்டம்.

ஆனால் உங்கள் கல்யாண மண்டபத்தில் நடந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கம்பியும் ஸ்பாஞ்சும்.

ஃப்ளாட்வவுண்ட் கம்பியின் மேல்சுற்று தட்டையான நாடா. விரல் வழுக்கும் சத்தம் வராது. மேல் அதிர்வுகள் சீக்கிரம் அடங்கிவிடும். ஸ்பாஞ்ச் அதையும் தாண்டி நோட்டையே குறுக்குகிறது. அடித்ததும் முழு உருண்டையாகப் பிறந்து, உடனே அடங்கிவிடுகிறது. இது யாரோ மேடையில் கண்டுபிடித்த உபாயம் இல்லை. பழைய ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜை மூடும் உலோக மூடிக்குள் ஃபோம் வைத்தேதான் அனுப்பினார்கள். கம்பியும் ஃப்ளாட்வவுண்ட்தான். வாங்கியவர்கள் மூடியைக் கழற்றினார்கள், அதோடு ஃபோமும் போயிற்று.

நம் மண்டபங்களை நினைத்துப் பாருங்கள். கீழே கிரானைட், சுவரில் டைல்ஸ், மேலே கான்கிரீட். தாழ்ந்த ஒலி அங்கே அடங்கவே மாட்டேன் என்று சுற்றிக்கொண்டிருக்கும். நீண்டு ஒலிக்கும் பேஸ் என்றால், முந்தைய நோட்டின் மிச்சம் ஹாலில் திரிகிறபோதே அடுத்த நோட்டு வந்து விழும். இரண்டு, மூன்று சேர்ந்தால் கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கேட்பது வெறும் இரைச்சல். குறுகிய நோட்டுக்கு அந்தச் சிக்கல் குறைவு. அது வந்து, சொல்லவேண்டியதைச் சொல்லி, அடுத்ததற்கு வழிவிடுகிறது. உங்கள் டிரம்மர் சிரித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். கிக்கும் பேஸும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்திருக்கும்.

இதிலிருந்து கிடைக்கிற ஒரு சுதந்திரம்தான், என் பார்வையில், பேஸ் வாசிப்பவர்கள் இந்தச் சத்தத்தைக் கொண்டாடுவதன் முழுக் காரணம். நோட்டு சீக்கிரம் அடங்கினால் நாம் அதிகம் வாசிக்கலாம். பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓடலாம், தாவலாம், மெட்டுக்கு எதிர்மெட்டுப் போடலாம். பளபளக்கும் சத்தத்தில் அதே ஓட்டத்தை வாசித்தால் பாடகரின் மேலேயே ஏறி விழும்.

இதற்கு ஜேம்ஸ் ஜேமர்சனைவிடப் பெரிய சாட்சி கிடையாது. டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டுடியோ ஒரு வீட்டில் இருந்தது. அறுபதுகளில் அங்கிருந்து வந்த ஹிட் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஓடுவது அவர் கை. அடிப்படையில் டபுள் பேஸ் வாசித்தவர். பிறகு 1962 மாடல் ப்ரிசிஷன் ஒன்றை எடுத்துக்கொண்டார். தடிமனான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பி, அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பிரிட்ஜ் மூடிக்குள் ஃபோம். ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நன்றாக உயர்ந்து நிற்கும், வேறு யாரும் வாசிக்கக் கஷ்டப்படுவார்கள். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அந்த விரலுக்கு 'கொக்கி' என்றே பட்டப்பெயர். ஆம்ப் வைக்காமல் நேரே ரிக்கார்டிங் கன்சோலுக்குள் சொருகி வாசித்தார்.

அவருடைய பேஸ் பகுதிகளை மட்டும் பிரித்துக் கேட்டால் திகைப்பாக இருக்கும். அரை ஸ்வரமாக நழுவி இறங்குவார். தாளத்துக்கு நடுவில் எதிர்பாராத இடத்தில் இரண்டு நோட்டைச் செருகுவார். திறந்த கம்பியைத் தொட்டுக்கொண்டே கை இடம் மாறுவார். இத்தனையும் ஒரு காதல் பாட்டுக்கு அடியில் நடக்கிறது. மேலே டாம்பரின், கிட்டார், வயலின், ஹார்ன், பாடகர், பின்பாட்டு. இருந்தும் எங்கேயும் நெரிசல் இல்லை. அந்த மழுங்கிய, குறுகிய, உருண்டையான சத்தம்தான் அவருக்கு அந்த அனுமதியை வாங்கிக் கொடுத்தது. கார் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் கேட்ட ஜனங்களுக்கும் ஒவ்வொரு நோட்டும் போய்ச் சேர்ந்தது.

மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தின் உறையில் அவர் பெயர் அச்சானது 1971இல்தான். அதுவரை மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாத்தியக்காரர்களின் பெயர் போடும் வழக்கமே இல்லை. 1983இல் அவர் இறந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் அந்தப் பேஸ் திருடுபோயிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. 2000இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள்.

ராஜா சார் பாடல்களில் உங்கள் கை அன்று அழகாகக் கேட்டதும் இதே காரணத்தால்தான். பாடிக்கொண்டே ஓடுகிற பேஸுக்கு அடக்கமான சத்தம் வேண்டும்.

இன்னொருவரையும் கேட்டுப் பாருங்கள். வேல்ஸில் பிறந்த பினோ பல்லடினோ. எண்பதுகளில் ஃப்ரெட் இல்லாத ம்யூசிக் மேன் ஸ்டிங்ரேயில், கிட்டத்தட்ட ஒரு பாடகரைப் போல வழுக்கி வழுக்கி வாசித்துப் பெயர் வாங்கியவர். அதே மனிதர் பிறகு அமெரிக்கப் பாடகர் டி'ஆஞ்செலோவோடு வாசிக்கும்போது 1963 ப்ரிசிஷனும் ஃப்ளாட்வவுண்டுமாக உட்கார்ந்தார். கை அதே கைதான். பாட்டு வேறொன்றைக் கேட்டது, அவர் அதைக் கொடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் சொல்வது விளங்கிவிடும்.

நாலாம் கம்பி எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. இரண்டு முறை படித்துவிட்டேன். மண்டபத்து எதிரொலியைப் பற்றிச் சொன்னது என் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது. ஒரு சந்தேகம் மட்டும். அடக்கமான, குறுகிய சத்தம்தான் பேஸுக்கு ஏற்றது என்றால், ஜாஸ் பேஸ், ரிக்கன்பேக்கர் மாதிரி நன்றாகக் கணீரென்று ஒலிப்பவற்றுக்கு ஏன் இவ்வளவு பேர் உயிரைக் கொடுக்கிறார்கள்?

பின்பிக்கப் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும். கீழ்ஸ்தாயி அண்ணன் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் பேஸ் என்றால் பின்னால் நின்று வழிவிடுவது மட்டும்தான் என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. எனக்குப் பேஸ் பிடித்ததே அது முன்னால் வந்து பேசியபோதுதான்.

ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் நட் அருகே அது ஒடுக்கம். என்னைப் போலச் சின்னக் கை உள்ளவர்களுக்கு முதல் ஃப்ரெட்டில் நிற்பதே சுகம். இரண்டு பிக்கப், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஒரே கம்பியை இரண்டு இடத்தில் கேட்கிறோம். சில அதிர்வுகள் ஒன்றையொன்று தின்றுவிடும், நடுவில் கொஞ்சம் பள்ளம் விழும். கட்டைவிரலால் ஸ்லாப் அடிப்பவர்கள் விரும்புவது அந்தப் பள்ளத்தை. அமெரிக்க பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸைக் கேளுங்கள். எழுபதுகளின் மாடல்களில் பின் பிக்கப்பை இன்னும் கொஞ்சம் பிரிட்ஜ் பக்கம் தள்ளி வைத்தார்கள். அதோடு அவர் பேஸில் ரோஜர் சடோவ்ஸ்கி ஒரு ப்ரீஆம்ப்பும் பொருத்திக் கொடுத்தார். அந்தக் கூர்மை அப்படி வந்ததுதான்.

ஆனால் என் இடம் முன் பிக்கப்பை இறக்கிவிட்டுப் பின் பிக்கப்பை மட்டும் வைக்கும் இடம். அங்கே அடிக்கனம் குறையும், தனி சிங்கிள் காயில் ஆனதால் மின் இரைச்சலும் வரும், டியூப் லைட் பக்கத்தில் நின்றால் போச்சு. அப்படியும் அதை விடமுடியாது. வலது கையையும் பிரிட்ஜ் ஓரத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே மீட்டினால் ஒவ்வொரு நோட்டுக்கும் உச்சரிப்பு வந்துவிடுகிறது. வேகமாகப் போனாலும் எழுத்தெழுத்தாகக் கேட்கும்.

அமெரிக்க ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் நின்ற இடம் அது. அவருடைய 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட் கிடையாது. ஃப்ரெட் இருந்த பள்ளங்களை நிரப்பி, விரல்பலகை முழுக்கப் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். காரணம் இருக்கிறது. அவர் மாட்டியது ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்ட். உருண்டைக் கம்பி சுற்றியது, அரம் போலத் தேய்க்கும். ரோஸ்வுட்டை அது அறுத்துவிடாமல் காக்க அந்தப் பூச்சு. கெட்டியான பரப்பு ஆனதால் நோட்டு நீண்டு நின்றது, 'ம்வா' என்று மலர்ந்தது. 1976இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் ஹார்மோனிக்ஸை (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் மேல் அதிர்வு) மட்டுமே வைத்து ஒரு முழுப் பாட்டை நிறுத்தியிருக்கிறார். ஃப்ளாட்வவுண்டும் ஃபோமும் போட்டுக்கொண்டு அதைச் செய்யவே முடியாது. மேல் அதிர்வு உயிரோடு இருந்தால்தான் ஹார்மோனிக்ஸ்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பி இப்போதிருக்கும் வடிவுக்கு வந்ததே ஒரு பேஸ் வாசிப்பவரின் பிடிவாதத்தால். த ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஜான் என்ட்விஸில் 1966இல் ரோட்டோசவுண்ட்காரர்களோடு உட்கார்ந்து தனக்கு வேண்டியபடி செய்து வாங்கினார். அந்தக் குழுவில் கிட்டார் ஒன்றே ஒன்று. கீபோர்டு கிடையாது. கிட்டாரிஸ்ட் கார்டுகளை அறைந்துகொண்டிருக்க, லீட் வாசிக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. என்ட்விஸில் அங்கே பேஸோடு நுழைந்தார். யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிறிஸ் ஸ்க்வையர் ரிக்கன்பேக்கரைப் பிக்கால் அடித்து வாசித்ததும் பேஸை ஒரு முன்வரிசை வாத்தியமாக நிறுத்தத்தான். ரிக்கன்பேக்கரில் இரண்டு பிக்கப்பையும் இரண்டு தனி ஆம்ப்புக்கு அனுப்ப ஸ்டீரியோ ஜாக் உண்டு. ஒன்றைச் சுத்தமாகவும் இன்னொன்றைக் கரகரப்பாகவும் வைக்கலாம்.

ஆகவே தம்பி, உங்கள் குழுவில் கீபோர்டு, இரண்டு கிட்டார், தபலா, டிரம்ஸ் எல்லாம் இருந்தால் ப்ரிசிஷன் உங்களைக் காப்பாற்றும். மூன்றே பேராக ஒருநாள் வாசித்துப் பாருங்கள். அப்போது அந்த 'தும்' போதாது. நடுவில் பெரிய வெற்றிடம் தெரியும். அன்றைக்கு ஒரு ஜாஸ் பேஸை எடுத்துப் பின் பிக்கப்பைத் திறந்து பாருங்கள்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

பின்பிக்கப் சொல்வதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஜாகோவுக்கு ஜேமர்சன்மேல் இருந்த மரியாதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. குழுவில் யார் யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்துக்கு ஏற்ற சத்தத்தோடு வரவேண்டியது நம் வேலை.

பட்டறை எழுதியது:

நான் கிட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி போதாது, கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள்.

பழைய பேஸ் என்றாலே நல்ல சத்தம், அந்தக் காலத்து மரம், அந்தக் காலத்து வார்னிஷ் என்று வாடிக்கையாளர்கள் வந்து நிற்கிறார்கள். என் கையில் வந்த பழைய பேஸ்களில் அருமையானவையும் உண்டு, கழுத்து முறுக்கி வாசிக்கவே முடியாதவையும் உண்டு. இன்றுவரை பத்திரமாக வைத்திருந்து வாசிக்கப்படுபவை பெரும்பாலும் நல்லவை. மோசமானவற்றை யாரும் பாதுகாப்பதில்லை. அதனால் பழசெல்லாம் தங்கம் என்று தோன்றுகிறது.

திட உடல் பேஸில் சத்தத்தைத் தீர்மானிப்பவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால், விரல் முதலில், பிறகு கம்பி, பிறகு பிக்கப்பும் அது நிற்கும் இடமும். உடல் மரம் அதற்கெல்லாம் வெகு பின்னால். கழுத்தின் விறைப்புக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. ஃபெண்டர் வகைப் பேஸ்களில் ஜி கம்பியின் 5, 6, 7ஆவது ஃப்ரெட் பக்கம் ஒரு நோட்டு மட்டும் சட்டென்று செத்துவிடும், கவனித்திருப்பீர்கள். கம்பியின் சக்தியைக் கழுத்து தன் அதிர்வுக்கு எடுத்துக்கொள்கிறது. மரத்தின் பங்கு தெளிவாகத் தெரிகிற இடம் அதுதான், அதுவும் தொந்தரவாக.

ஹாஃப்னர் வயலின் பேஸின் கதை வேறு. அது உள்ளே கூடு. கம்பி நீளமும் 30 அங்குலம்தான், ஃபெண்டரில் 34. இழுவிசை குறைவதால் கம்பி தளர்ந்து பொதபொதவென்று இனிமையாக ஒலிக்கும். பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் ஒன்று வாங்கினார். விலை குறைவு, இரு பக்கமும் ஒரே வடிவமாதலால் இடதுகைக்காரருக்கும் உறுத்தாது. 1972இல் திருடுபோன அந்தப் பேஸ் அவருக்குத் திரும்பக் கிடைத்த செய்தி 2024இல் வந்தபோது எங்கள் பட்டறையில் அன்று முழுக்க அதே பேச்சு.

தம்பிக்கு ஒரு யோசனை. அந்தப் பழைய பேஸை மூத்தவரிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன், அதில் இருக்கிற ஸ்பாஞ்ச் எவ்வளவு தடிமன், கம்பியை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவில் ஒரு துண்டை உங்கள் ஐந்து கம்பிப் பேஸில் பிரிட்ஜை ஒட்டிச் செருகுங்கள். கம்பியைத் தொட்டால் போதும், நெருக்கக் கூடாது. நெருக்கினால் சுருதி ஏறிவிடும், நோட்டும் செத்துவிடும். கழுத்துப் பக்க பிக்கப்பை மட்டும் வைத்து, ட்ரெபிளை நன்றாக இறக்கி, மிட்டை நடுவுக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவாருங்கள். அடுத்த கச்சேரியில் மிக்ஸரில் இருப்பவரிடம் பேஸ் சேனலைத் தட்டையாக விடச் சொல்லுங்கள். செலவு பத்து ரூபாய் ஸ்பாஞ்ச்தான்.

நாலாம் கம்பி எழுதியது:

நாளைக்கே ஒத்திகையில் செய்து பார்க்கிறேன் அண்ணா. பின்பிக்கப் அக்காவுக்கும் நன்றி, மூன்று பேர் குழு ஒன்றைக் கல்லூரி நண்பர்களோடு தொடங்கும் யோசனை ஏற்கெனவே இருக்கிறது. கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்பாஞ்ச் பிடித்துப்போனால் ஐந்து கம்பியிலேயே ஃப்ளாட்வவுண்ட் மாட்டலாமா? கீழ் பி கம்பி எப்படி இருக்கும்?

கீழ்ஸ்தாயி எழுதியது:

மாட்டலாம். பி கம்பியின் அடிப்படை 31 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. ஃப்ளாட்வவுண்டில் அதன் மேல் அதிர்வுகளும் குறைந்துவிடுவதால், காது நோட்டைப் பிடித்துக்கொள்ள அதில் கிடைப்பது கொஞ்சம்தான். 35 அங்குல நீளமுள்ள பேஸாக இருந்தால் இறுக்கம் கூடிச் சற்றுத் தெளிவாக இருக்கும். உங்களுடையது 34 என்றால் பி கம்பியை எப்போதாவது ஒரு முடிவு நோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டங்களை ஈ கம்பிக்கு மேலேயே வாசியுங்கள்.

விலை ரவுண்ட்வவுண்டைவிடக் கூடுதல்தான், ஆனால் ஆண்டுக்கணக்கில் வரும். புதுசாக மாட்டியவுடன் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும், சில வாரம் வாசித்தால் பதத்துக்கு வரும். வாங்கும்போது பேக்கெட்டில் இழுவிசை எவ்வளவு என்று பார்த்து எடுங்கள். பல ஃப்ளாட்வவுண்ட் செட்டுகள் கழுத்தை அதிகமாக இழுக்கும். மாட்டிய மறுநாள், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடையும் கம்பி உயரத்தையும் பட்டறை அண்ணன் மாதிரி விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். நட்டில் பி, ஈ கம்பிகளின் பள்ளம் புதுக் கம்பியின் தடிமனுக்குப் போதுமா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.